ஒரிஜினலா, ரீமிக்ஸா? எந்த இடத்துக்கு எந்தப் பாட்டு

கல்யாண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா, அபார்ட்மென்ட் பொங்கல் என்று எதற்குப் பாட்டுப் பட்டியல் போட உட்கார்ந்தாலும் இந்த வழக்கு வந்துவிடும். "பழசையே போடுங்க, அதுல இருக்கிற உயிர் இதுல எங்க இருக்கு" என்று ஒரு கட்சி. "அதுக்கு எவன் ஆடுவான்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் எது நல்ல பாட்டு என்றே வாதாடுகிறார்கள். யார் எதற்காகக் கேட்கப்போகிறார்கள், எந்த ஸ்பீக்கரில் கேட்கப்போகிறார்கள் என்று பார்த்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். ரீமிக்ஸ் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சரக்கு புழங்குகிறது.

பழைய குரலை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றியுள்ள வாத்தியத்தை மட்டும் மாற்றுவது முதல் வகை. 1990இல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்துக்கு இளையராஜா இசையில் வாலி எழுதிய 'பேர் வச்சாலும்' பாட்டை 2021இல் 'டிக்கிலோனா'வுக்காக யுவன் சங்கர் ராஜா எடுத்தாண்டது இதற்கு நல்ல உதாரணம். மலேசியா வாசுதேவன் மறைந்து பத்து வருடம் ஆன பிறகும் அவர் குரலுக்கும் எஸ். ஜானகி குரலுக்கும் ஒரு புதுத் தலைமுறை ஆடியது.

புதுப் பாடகரை வைத்து மறுபடி பாடவைப்பது இரண்டாவது. 1980 'பில்லா'வில் எம்.எஸ்.வி. இசையில் எஸ்.பி.பி. பாடிய 'மை நேம் இஸ் பில்லா', 2007 'பில்லா'வில் கே.கே. குரலில் வந்தது. 1970 'சொர்க்கம்' படத்தில் டி.எம்.எஸ். பாடிய 'பொன்மகள் வந்தாள்' அதே 2007இல் ஏ.ஆர். ரஹ்மான் கையில் 'அழகிய தமிழ் மகன்' பாட்டானது. அந்தப் படம் வந்த தீபாவளிக்கே 'பொல்லாதவன்' வேறு, 'எங்கேயும் எப்போதும்' ரீமிக்ஸோடு வந்தது. அடுத்த மாதம் 'பில்லா'. தமிழ் சினிமாவுக்கு ரீமிக்ஸ் காய்ச்சல் உச்சத்தில் இருந்த பருவம் அது. காய்ச்சலை ஆரம்பித்துவைத்ததாகப் பலரும் சொல்வது 2003 'குறும்பு'. அதில் யுவன், தன் அப்பாவின் 1983 'அடுத்த வாரிசு' பாட்டான 'ஆசை நூறு வகை'யை எடுத்தார்.

மூன்றாவது, டீஜேக்கள் சொந்தமாகச் செய்யும் மிக்ஸ். யாருடைய அனுமதியும் இல்லாமல் வாட்ஸாப்பில் சுற்றுவதில் பெரும்பகுதி இதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

குரலும் வரியும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன? சினிமா ரீமிக்ஸ்களில் பல்லவி தப்பித்துவிடும், சரணம்தான் பலியாகும். இரண்டு சரணப் பாட்டில் ஒன்று போய், அந்த இடத்தில் ராப் உட்கார்ந்திருக்கும்.

தாளம் அசையாமல் நிற்கிறதா? எழுபது, எண்பதுகளின் பாட்டுகளில் பெரும்பாலானவை வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, கணினி கிளிக் (காதில் ஒலிக்கும் சீரான தட்டு) இல்லாமல் வாசித்தவை. உற்சாகம் ஏறினால் வேகமும் லேசாக ஏறும். காதுக்கு அது சுகம், டீஜேக்கும் நடன மாஸ்டருக்கும் தலைவலி. பாட்டின் ஆரம்பத்தில் 30 விநாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள், கடைசிப் பல்லவியிலும் அதேபோல் எண்ணுங்கள். இரண்டு தட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பாட்டு நகர்கிறது என்று அர்த்தம்.

இடையிசை என்ன ஆனது? ராஜா பாட்டிலும் எம்.எஸ்.வி. பாட்டிலும் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருவது சும்மா இட்டு நிரப்பியதல்ல. ரீமிக்ஸில் முதலில் கழற்றப்படுவது அதுதான்.

எந்த ஸ்பீக்கர்? யாருடைய உரிமை? இவை இரண்டும் கடைசி நேரத்தில்தான் ஞாபகத்துக்கு வரும், ஆனால் மேடையில் மானத்தை வாங்குபவை பெரும்பாலும் இவைதான்.

## ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமமாக்குங்கள்

இதைச் செய்யாமல் செய்யும் எந்த ஒப்பீடும் செல்லாது. ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, இரண்டாம் தடவை சத்தத்தை ஒரு டெசிபல் கூட்டினால், அது 'தெளிவாக, முழுமையாக' இருப்பதாகவே காது சொல்லும். சத்தம் கூடியது என்று தோன்றாது. ரீமிக்ஸ்கள் இறுக்கிப் பிழியப்பட்ட மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பில், வருகின்றன. சராசரி உரப்பு, அதை அளக்கும் எல்யூஎஃப்எஸ் என்ற அலகில் மைனஸ் 8, 9 இருப்பது சாதாரணம் (பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடுதல்). பழைய பதிவின் சராசரி அதைவிட எட்டு, பத்து டெசிபல் கீழே கிடக்கலாம். "ரீமிக்ஸில்தான் பஞ்ச் இருக்கு" என்ற தீர்ப்பில் பாதி இந்த டெசிபல்தான்.

யூடியூப் சமப்படுத்துமே என்று நம்பிவிட வேண்டாம். அது உரத்த பாட்டைக் கீழே இறக்கும், மெலிந்த பாட்டைப் பொதுவாக மேலே ஏற்றாது. வீடியோமேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால் 'கன்டென்ட் லவுட்னெஸ்' என்று ஓர் எண் வரும். ரீமிக்ஸுக்கு பிளஸ் 5 என்றும் ஒரிஜினலுக்கு மைனஸ் 4 என்றும் காட்டினால், ரீமிக்ஸ் ஏற்கெனவே இறக்கப்பட்டுவிட்டது, ஒரிஜினல் இன்னமும் நான்கு டெசிபல் பின்தங்கி நிற்கிறது என்று பொருள். அந்த நான்கைக் கையால் ஏற்றிவிட்டுக் கேளுங்கள்.

ஒரிஜினல் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். கேசட்டிலிருந்து ஏற்றிய பதிவு ஸ்ருதி தப்பியிருக்கும், ஏனென்றால் டேப் ஒரு சதவீதம் வேகமாக ஓடினாலே சுமார் 17 சென்ட் (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறிவிடும். பழைய டிவிடி, டிவி ஒளிபரப்பிலிருந்து எடுத்ததில் அதைவிட மோசமான ஒரு சிக்கல் உண்டு. விநாடிக்கு 24 சட்டகம் கொண்ட படத்தை 25 ஆக ஓட்டுவதால் பாட்டு நான்கு சதவீதம் வேகமாகி, ஸ்ருதி அரைஸ்வரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு அளவுக்கு மேலே போய்விடும். "ஒரிஜினலில் குரல் கீச்சென்று இருக்கிறது" என்று குறை சொல்பவர்களில் சிலர் கேட்டது ஒரிஜினலே இல்லை.

## ஒரே பார்வையில்

| | ஒரிஜினல் | பழைய குரல் ரீமிக்ஸ் | மறுபடி பாடிய ரீமிக்ஸ் |
|---|---|---|---|
| குரல், வரி | முழுசாக | குரல் உண்டு, சரணம் குறையலாம் | பல்லவி மட்டும் நிச்சயம் |
| தாளம் | நகரும் | நிற்கும் | நிற்கும் |
| இடையிசை | முழுசாக | பெரும்பாலும் புதிது | முற்றிலும் புதிது |
| சப் ஊஃபர் (அடி ஒலி ஸ்பீக்கர்) இல்லாத ஹால் | சமாளிக்கும் | பாதி | திணறும் |
| ஹெட்ஃபோன் | சிறப்பு | வெட்டுத் தழும்பு தெரியலாம் | நன்று |
| மேடையில் நேரில் பாட | எளிது | டிராக் வேண்டும் | டிராக் வேண்டும் |

டீஜே மிக்ஸ் இந்த அட்டவணையில் இல்லை. ஒன்று போல் ஒன்று இருக்காது என்பதால் அதைப் பொதுவாக எடைபோட வழியில்லை.

## ஒரிஜினல்

அறையில் உட்கார்ந்து கேட்பதற்கு, காரில் இரவுப் பயணத்துக்கு, நேரில் பாடும் மேடைக்கு இதுதான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. காரணம் குரல் மட்டுமல்ல. ராஜா பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கவனித்துப் பாருங்கள். மெட்டு ஒன்று சொல்ல, அது கீழே இன்னொன்று சொல்லிக்கொண்டு போகும். ரீமிக்ஸில் அந்த இடத்துக்கு வருவது ஒரே ஸ்வரத்தில் நின்று இடிக்கும் சப் பேஸ். மெட்டு அதேதான், ஆனால் அதனோடு பேசிக்கொண்டிருந்த ஆளைக் காணோம். பழைய ரசிகர்கள் 'உயிர் இல்லை' என்று சொல்வதைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. பெரிய ஸ்பீக்கரில் போட்டால் வயலின் கூட்டமும் குரலும் மூன்றாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் குத்தும். அங்கே இரண்டு, மூன்று டெசிபல் குறைத்துவிட்டு, மொத்த கெயினை (ஒலி ஏற்றத்தை) ஆறு டெசிபல் அளவுக்கு ஏற்ற வேண்டும். அடுத்த பாட்டு ரீமிக்ஸ் என்றால் அந்தக் கெயினைத் திரும்ப இறக்க மறந்துவிடாதீர்கள். முன்வரிசைத் தாத்தாக்கள் எழுந்து போவது அப்படித்தான்.

ஒயரிங் இன்னொரு தொல்லை. ஹால்காரர் ஸ்டீரியோ ஒயரின் ஒரு முனையை மட்டும் சொருகி, மற்றதைத் தொங்கவிட்டிருப்பார். 1970ஆம் வருட மோனோ பதிவுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் எண்பதுகளின் ஸ்டீரியோ பதிவுகளில் சில வாத்தியங்கள் முழுக்க ஒரே பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் சொருகப்படவில்லை என்றால் குரல் வரும், புல்லாங்குழல் வராது. செல்போனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

டீஜே கலக்குவதற்கு ஒரிஜினல் கடினம். ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டீஜே மென்பொருளில் போடும்போது அலசல் முறையை 'டைனமிக்' என்று மாற்றுங்கள். 'நார்மல்' முறை முழுப் பாட்டுக்கும் ஒரே வேகம் என்று எடுத்துக்கொண்டு தாளக் கட்டம் போடும், இரண்டாம் சரணத்தில் தாளம் கட்டத்தை விட்டு விலகி நிற்கும். அப்படியும் சரியாகவில்லை என்றால் கலக்க முயலாமல், ஒன்றை முடித்து இன்னொன்றை ஆரம்பிப்பதே மரியாதை.

## பழைய குரல், புதிய சத்தம்

மூன்று தலைமுறையும் ஒரே ஹாலில் இருக்கும் கல்யாண வரவேற்புக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. பாட்டிக்குத் தெரிந்த குரல், பேரனுக்குத் தெரிந்த பீட். 'பேர் வச்சாலும்' அவ்வளவு பரவியதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். புதுப் பாடகர் பாடியிருந்தால் இன்னொரு ரீமிக்ஸாகப் போயிருக்கும்.

இந்த வகையின் தரம் முழுக்கக் குரலைப் பிரித்தெடுத்த விதத்தில் இருக்கிறது. குரலும் வாத்தியங்களும் தனித்தனியாகப் பதிந்த பழைய மல்டிடிராக் டேப் கையில் இருந்தால் குரல் சுத்தமாக வரும். இல்லாவிட்டால் மென்பொருள்தான். 2019இல், இணையத்தில் பாட்டு வழங்கும் டீஸர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற பிரிக்கும் மென்பொருளை இலவசமாக வெளியிட்ட பிறகு யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம் என்றாகிவிட்டது. டெமக்ஸ் போன்றவை பிறகு இன்னும் நன்றாகச் செய்கின்றன. ஆனாலும் தழும்பு விழும். ஹெட்ஃபோனில் மூன்று இடங்களைக் கேளுங்கள். வரி முடிந்து குரல் தேயும் இடத்தில் எதிரொலி சட்டென்று அறுகிறதா? 'ச', 'ஷ' எழுத்துகளில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறதா? குரல் வரும்போது மட்டும் பின்னால் பழைய சிம்பல் சத்தம் மங்கலாக ஒட்டிக்கொண்டு வருகிறதா? ஹால் ஸ்பீக்கரில் இவை தெரியாது, காதுக்குள் சொருகினால் தெரியும். அதனால் இந்த வகையை ஆட்டத்துக்கு எடுங்கள், தனிமையில் கேட்க வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். நகரும் தாளத்துக்குப் பாடிய குரலை, அசையாத தாளத்துக்குள் உட்காரவைக்க இழுத்தும் சுருக்கியும் ஆக வேண்டும். ஆறு சதவீதம் வரை குரல் தாங்கும், அதற்குமேல் போனால் அதிர்வுகள் இயந்திரத்தனமாகிவிடும். நல்ல பாடகர் தட்டுக்குக் கொஞ்சம் பிந்தி வந்து விழுவார். அந்தப் பிந்தலையும் கட்டத்துக்குள் இழுத்துப்போட்டிருந்தால் அது கெட்டிக்காரத்தனமான அழிவேலை. விட்டுவைத்திருந்தால் அந்த ரீமிக்ஸ்காரருக்குக் காது இருக்கிறது.

## மறுபடி பாடிய ரீமிக்ஸ்

ரசிகர்கள் அதிகம் திட்டுவது இதைத்தான், அதில் ஓரளவு அநியாயமும் இருக்கிறது. பழைய பாட்டின் பதிலாக இதைப் பார்த்தால் ஏமாற்றம் நிச்சயம். பழைய மெட்டின் நான்கு வரியை முகவரியாக வைத்து எழுதிய புதுப் பாட்டு என்று எடுத்துக்கொண்டால் பலவும் தேறிவிடும். 2007 'பில்லா' பாட்டைக் கேட்பவர்கள் எஸ்.பி.பி.யைத் தேடுவதில்லை, படத்தின் மிடுக்கைத் தேடுகிறார்கள். 'பொன்மகள் வந்தாள்' விஷயத்தில் அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. டி.எம்.எஸ். குரலின் கம்பீரமே அந்தப் பல்லவியின் பாதிப் பொருள். குரலை மாற்றியதும் மெட்டு தனியாக நின்றுவிட்டது.

குழு நடனத்துக்கு இது முதல் தேர்வு. எட்டு எட்டாக எண்ணலாம், எட்டு எப்போதும் எட்டாகவே இருக்கும். ஒத்திகையில் பாதியிலிருந்து ஓட்டினாலும் கால் தப்பாது. சத்தம் ஏறி, ஒரு நொடி அடங்கி, இடியாக விழும் இடங்கள் அணி மாற்றத்துக்குத் தயாராகக் கிடைக்கும்.

செலவு ஸ்பீக்கரில் வருகிறது. இதன் கிக்கும் பேஸும் 40 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். சப் ஊஃபர் இல்லாமல் இரண்டு 15 அங்குல பாக்ஸ் மட்டும் வைத்திருக்கும் சின்ன மண்டபத்தில் அந்தச் சத்தம் முழுசாக வராது. சத்தம் போதவில்லை என்று ஆபரேட்டர் ஏற்றுவார், ஆம்ப் தாங்காமல் கிளிப் ஆகும், குரல் கரகரக்கும். சப் இல்லையென்றால் அந்தச் சேனலின் லோ நாபை நாலைந்து டெசிபல் இறக்கிவிட்டுப் பிறகு மொத்தச் சத்தத்தை ஏற்றுங்கள். குறைவாக இடித்தாலும் சுத்தமாக இடிக்கும். மோனோ ஹாலில் இன்னொன்றையும் கவனியுங்கள். செயற்கையாக அகலப்படுத்திய கீபோர்டு சத்தங்கள், இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செல்போனில் மோனோவை ஆன் செய்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் எது காணாமல் போகிறது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

டீஜேக்களுக்கு ஒரு எச்சரிக்கை: சினிமா ரீமிக்ஸ் கிளப்புக்காகச் செய்ததல்ல. முன்னும் பின்னும் 16 அல்லது 32 தட்டு வெறும் தாளம் வைத்த நீட்டிப்பு இதில் பெரும்பாலும் இருக்காது. எடுத்த எடுப்பில் குரல் வந்துவிடும். முதல் தட்டில் க்யூ (தொடங்கும் இடக் குறி) வைத்து, முதல் எட்டுத் தட்டை லூப் போட்டு நீங்களே நீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

## டீஜே மிக்ஸ்

தெரிந்த டீஜே தன் செட்டுக்காகத் தானே செய்து தானே வாசிப்பதாக இருந்தால் சரி. இறக்கிய கோப்பை மேடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் வேண்டாம். நடுவில் டீஜே பெயரைக் கத்தும் குரல் வரும், ஒலித்தரம் பலமுறை சுருக்கிச் சுருக்கித் தேய்ந்திருக்கும். 320 கேபிபிஎஸ் என்று பெயரில் போட்டிருந்தாலும் 128இலிருந்து ஊதிப் பெருக்கியதாக இருக்கலாம். சிம்பல் சத்தம் கரகரப்பதில் அது தெரியும்.

## உரிமை: சின்ன விஷயமல்ல

கல்யாணத்தில் பாட்டுப் போட உரிமம் வேண்டியதில்லை. ஊர்வலமும், கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52(1)(இசட்ஏ) பிரிவின் விலக்குக்குள் வருகின்றன. மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும் பள்ளி, கல்லூரி நிகழ்ச்சிக்கும் விலக்கு உண்டு. டிக்கெட் போட்டால் கதை வேறு. வரிக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்ற உரிமைச் சங்கம், ஒலிப்பதிவுக்கு பிபிஎல் என்ற உரிம நிறுவனம் அல்லது அந்தந்த ஆடியோ நிறுவனம் என்று தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

நேரில் ஆடிப் பாட விலக்கு இருக்கிறது என்பதால் அதை வீடியோவாக ஏற்றவும் விலக்கு இருக்கிறது என்று ஆகாது. யூடியூப் உரிமை கோரும், இன்ஸ்டாகிராம் சத்தத்தை அணைக்கும். பழைய குரல் ரீமிக்ஸில் பழைய பதிவின் சொந்தக்காரர், புதுப் பதிவின் சொந்தக்காரர் என இரண்டு தரப்பும் உரிமை கோரச் சாத்தியம் உண்டு.

நீங்களே ரீமிக்ஸ் செய்து வெளியிட நினைத்தால், அதே சட்டத்தின் 31சி பிரிவு கவர் பாட்டுக்கு (பழைய பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவதற்கு) வழி தருகிறதே என்று சொல்வார்கள். தருகிறதுதான். முதல் பதிவு வந்த வருடம் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்ட வேண்டும். ஆனால் பாட்டை மாற்றக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மாற்றுவதுதானே ரீமிக்ஸ்? அதுவும் பழைய ஒலிப்பதிவையே வெட்டி எடுக்க இந்தப் பிரிவில் இடமே இல்லை. நேரடி அனுமதி ஒன்றே வழி.

## இன்னமும் முடிவுக்கு வர முடியவில்லையா

மெல்லிசைக் குழு நேரில் வாசிக்கிறது என்றால் ஒரிஜினல். ரீமிக்ஸை நேரில் வாசிக்க, பாதி வாத்தியத்தை டிராக்கில் ஓடவிட்டு டிரம்மருக்குக் காதில் கிளிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வாசித்தால் கூடு மட்டும் கேட்கும். குழந்தைகள் ஆடினால் மறுபடி பாடிய ரீமிக்ஸ், ஆனால் வரிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். ராப் பகுதியில் என்ன இருக்கிறது என்று மேடையில் தெரிந்துகொள்வது சங்கடம். அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரிஜினல், அதில் விவாதமே வேண்டாம். வரவேற்பில் எட்டு மணிவரை ஒரிஜினல், சாப்பாடு முடிந்து இளசுகள் மட்டும் மிஞ்சிய பிறகு ரீமிக்ஸ்.

இரண்டையும் ஒட்டிப் போடும் ஆசை பல நடனக் குழுக்களுக்கு உண்டு: ஒரிஜினல் பல்லவியில் ஆரம்பித்து ரீமிக்ஸில் வெடிப்பது. நன்றாக வரும், ஒட்டும் இடம் சரியாக இருந்தால். ஒன்று தேய, ஒன்று எழ என்று கலக்காதீர்கள். இரண்டின் ஸ்ருதியும் அரைஸ்வரம் தள்ளியிருந்தால் அந்த மூன்று விநாடி நாராசமாக இருக்கும். பல்லவியின் கடைசிச் சொல் முடிந்ததும் ஒரிஜினலை வெட்டுங்கள். புதிய பாட்டின் வேகத்தில் நான்கு தட்டு அளவுக்கு மௌனம் விடுங்கள். அந்த மௌனத்தில் ஒரு விசில் மட்டும் இருக்கட்டும். ஐந்தாவது தட்டில் ரீமிக்ஸின் முதல் அடி விழ வேண்டும்.